அரூர் மழையும் கடலூர் வெள்ளமும்

2024 டிசம்பர் முதல் இரண்டு நாட்களை அரூர் வட்டார விவசாயிகள் மறந்திருக்க மாட்டீர்கள். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து நம் பக்கம் நகர்ந்ததில், ஒரே நாளில் அரூரில் 33 செ.மீ., பக்கத்து ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை கொட்டியது. வயலில் இருந்து வடிந்த தண்ணீர் எங்கே போனது என்று யோசித்தீர்களா?

ஓடைகள், வாணியாறு வழியாகத் தென்பெண்ணைக்கு. அங்கிருந்து சாத்தனூர் அணைக்கு. ஏற்கெனவே ஏறக்குறைய நிரம்பியிருந்த அணையில் இருந்து டிசம்பர் 2 அதிகாலை விநாடிக்கு 1.6 லட்சம் கன அடிக்கு மேல் திறக்கப்பட்டது. சாத்தனூரின் கொள்ளளவு சுமார் 7.3 டி.எம்.சி. அந்த வேகத்தில் தண்ணீர் வந்தால், காலி அணையே 13 மணி நேரத்தில் நிரம்பிவிடும். விழுப்புரம், கடலூர் மாவட்டக் கரையோரங்களில் பயிர்கள் மூழ்கின. வீடுகளில் வெள்ளம் புகுந்தது.

கடல் வாங்காத நேரம்

தென்பெண்ணை கடலூர் அருகே கடலில் கலக்கிறது. அங்கே கடல் தினமும் இரு முறை ஏறி இறங்கும். ஏறும்போது ஆற்று நீர் வடிவது தாமதமாகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் கூடுதல். 2024 டிசம்பர் 1 அமாவாசை. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

எனவே கரையை உயர்த்துவது மட்டும் திட்டம் ஆகாது. மழை முன்னறிவிப்பையும் கடல் ஏற்ற அட்டவணையையும் சேர்த்துப் பார்த்து, அணையில் முன்கூட்டியே இடம் விட வேண்டும். மழை பொய்த்தால் பாசனத்துக்குத் தண்ணீர் குறையும் என்ற அச்சம் நியாயமானது. எவ்வளவு இடம், எந்தத் தேதி வரை என்பதை ஆயக்கட்டு விவசாயிகளுடன் பேசி முடிவு செய்ய வேண்டும்.

நெதர்லாந்தில் பல இடங்களில் கரைகளைப் பின்னுக்குத் தள்ளி ஆற்றுக்கு இடம் கொடுத்தார்கள். லண்டனின் தேம்ஸ் கழிமுகத்துக்கு 2100 வரை திட்டம் போட்டு, கடல் மட்டம் உயர்வதைப் பார்த்து அவ்வப்போது திருத்துகிறார்கள்.

நம் பங்கு என்ன?

33 செ.மீ. மழை என்றால் ஒரு ஏக்கரில் 13 லட்சம் லிட்டர். 20 மீட்டர் நீள அகலமும் 1.5 மீட்டர் ஆழமும் உள்ள பண்ணைக்குட்டை அதிகபட்சம் 6 லட்சம் லிட்டர்தான் பிடிக்கும். பெருமழையைக் குட்டைகள் தடுத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சாதாரண மழையை நிறுத்தும்; அணைக்குப் போகும் வண்டலைக் குறைக்கும்; கோடையில் உங்கள் கிணற்றுக்கும் உதவும்.

சரிவு நிலத்தில் மரவள்ளி போடுபவர்கள் கவனியுங்கள். பயிர் மூடும் வரை மண் வெறுமையாகக் கிடப்பதால் அரிப்பு அதிகம். சரிவுக்குக் குறுக்கே உழுங்கள். ஊடுபயிராக உளுந்து அல்லது தட்டைப்பயறு விதையுங்கள். வரப்போரம் வெட்டிவேர் நடுங்கள். ஓடைப் புறம்போக்கில் வரப்பை நீட்டாதீர்கள்.

கீழே நீர் தேங்கும் வயல்களில் சம்பாவுக்கு, இரண்டு வாரம் வரை மூழ்கலைத் தாங்கும் சி.ஆர். 1009 சப்-1 ரகம் ஏற்றது.

கோடை உழவின்போதே இந்த வேலைகளைத் தொடங்குங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகு நேரம் கிடைக்காது.