தம்பின் மலைக்கடியில் எண்ணெய் உண்டா?

பூமிக்கடியில் எண்ணெய் குளம்போல் தேங்கிக் கிடக்கிறது என்று நினைக்கிறீர்களா, வாசகர்களே? அப்படியல்ல. ஈரமணலில் நீர் நிற்பதுபோல், மணற்பாறையின் நுண்துளைகளில்தான் ஊறி நிற்கிறது. நீரைவிட இலேசானதால் மேலேறப் பார்க்கும். மேலே களிப்பாறை கவிழ்த்த சட்டிபோல் வளைந்து மூடியிருந்தால் அகப்பட்டுக்கொள்ளும்: உச்சியில் எரிவாயு, நடுவில் எண்ணெய், அடியில் நீர்.

சரவாக்கில், மீரி நகரத்துக் கனடா குன்றில் இப்படி வளைந்த பாறையைத் துளைத்தே 1910 டிசம்பர் 22இல் ஷெல் நிறுவனத்தார் எண்ணெய் கண்டார்கள். அந்தக் கிணறு 1972 வரை சுரந்தது.

நமது தம்பின் மலையோ நெருப்புக்குழம்பு இறுகிய கருங்கல். எண்ணெய்க்கு மூலமான உயிர்ச்சேறு அதில் ஏது?

தோட்டத்து வாய்க்காலில் வானவில் நிறத்தில் படலம் மிதந்தால் குச்சியால் கலைத்துப் பாருங்கள். சில்லுசில்லாக உடைந்தால், இரும்புச்சத்தில் வாழும் நுண்ணுயிர்களின் வேலை. மீண்டும் ஒட்டிக்கொண்டால் எண்ணெய்தான். ஆனால் ஏதோ லாரி சிந்திவிட்டுப் போனது!