மகள் கல்லூரிக்குப் போகிறாள்

பெங்களூரு பிரேசர் டவுனில் தமிழ்க் குடும்பங்கள் பல உள்ளன. கல்லூரிப் படியை மிதிக்காத பெற்றோர் இங்கே உண்டு. இன்று அவர்கள் பிள்ளைகள் பி.யூ.சி. முடித்துக் கல்லூரிக்குப் போகிறார்கள். இது மகிழ்ச்சியான செய்தி.

ஆனால் கூடவே பயமும் வருகிறது. "என் மகள் தனியாகப் போய் வருவாளா? யாரிடமாவது ஏமாந்து போவாளா?" என்று எங்கள் எழுத்தறிவு வகுப்பில் தாய்மார்கள் கேட்கிறார்கள். படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துவிடலாம் என்றும் சிலர் நினைக்கிறார்கள்.

பெண் படிக்கப் போனால் பயப்படுவது அந்தக் காலத்திலும் இருந்தது. 1904-ல் தமிழ்நாட்டில் புதுக்கோட்டையில் முத்துலட்சுமி என்ற பெண் கல்லூரியில் சேர விரும்பினார். அங்கே ஆண்கள் மட்டுமே படித்தார்கள். சிலர் எதிர்த்தார்கள். அப்பா துணை நின்றார். மகாராஜா அனுமதி கொடுத்தார். பிறகு முத்துலட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். 1912-ல் டாக்டர் ஆனார். 1954-ல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அன்று பயந்து நிறுத்தியிருந்தால் இது நடந்திருக்குமா?

கல்லூரி பாடம் மட்டும் சொல்லித் தரும் இடம் அல்ல. பொறுப்பையும் அங்கே கற்கலாம்.

நேரம்: பள்ளியில் பிள்ளை வராவிட்டால் ஆசிரியர் வீட்டுக்குச் சொல்லி அனுப்புவார். கல்லூரியில் மாணவிதான் கவனிக்க வேண்டும். பொதுவாக 100 வகுப்புகளில் 75 வகுப்புக்காவது போக வேண்டும். குறைந்தால் தேர்வு எழுத முடியாமல் போகலாம்.

பணம்: அரசு உதவித்தொகை மாணவியின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் உண்டு. அந்த நாளை அவளே குறித்து வைக்க வேண்டும். வந்த பணத்துக்குக் கணக்கும் எழுத வேண்டும்.

பயணம்: கர்நாடகத்தில் 2023 ஜூன் 11 முதல் அரசின் சாதாரண பஸ்களில் இம்மாநிலப் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சிவாஜிநகரில் எந்த பஸ் ஏற வேண்டும் என்று அவளே கேட்டுத் தெரிந்து கொள்ளட்டும்.

முடிவு: 18 வயதானால் ஓட்டுப் போடலாம். முன்பு 21 வயது ஆக வேண்டும். 1989-ல் அதை 18 ஆகக் குறைத்தார்கள். நாட்டை ஆள்பவரையே தேர்ந்தெடுக்கும் பெண், தன் பாடத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாதா?

பெற்றோர் என்ன செய்யலாம்? முதல் நாள் கூடவே போய் வழி காட்டுங்கள். கல்லூரியின் தொலைபேசி எண்ணை எழுதி வையுங்கள். பிறகு பொறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சிறு தவறு செய்தால் உடனே படிப்பை நிறுத்தாதீர்கள். என்ன நடந்தது என்று கேளுங்கள். திட்டு விழும் என்று பயந்தால் பிள்ளை மறைக்கத் தொடங்கும்.

மகனுக்கும் இதே விதிதான். கல்லூரிக்குப் போகும் மகன் தன் துணியைத் துவைக்கட்டும். தன் தட்டைக் கழுவட்டும். தன் வேலையைத் தானே செய்வதும் சுதந்திரம்தான்.

நீங்களும் நேற்றுவரை கைநாட்டு வைத்தீர்கள். இன்று கையெழுத்துப் போடுகிறீர்கள். போடும் முன் படித்தும் பார்க்கிறீர்கள். அந்தத் துணிவு உங்கள் மகளுக்கும் வரட்டும்.

கலந்து பேசுங்கள்:
1. உங்கள் பிள்ளை தானே முடிவு செய்யும் காரியங்கள் எவை?
2. மகனுக்கு ஒரு விதி, மகளுக்கு ஒரு விதி உங்கள் வீட்டில் உண்டா?