ஓட்டு கேட்டு வருகிறவரிடம் ஒரு கேள்வி: எங்கள் விவரம் பத்திரமாக இருக்குமா?



தேர்தல் வந்துட்டாப் போதும், நம்ம ராயகிரித் தெருக்களில் நோட்டும் பேனாவுமாக ஆட்கள் வர ஆரம்பிச்சிருவாங்க. வீட்டில் எத்தனை ஓட்டு, யாருக்கு என்ன உதவித்தொகை வருது, போன் நம்பர் என்ன என்று கேட்பார்கள். சிலர் நேராகக் குழு ஊக்குநரைத் தேடி வருவார்கள். "உங்க குழுவுல எல்லார் பேரும் நம்பரும் குடுங்கக்கா, அப்படியே ஆதார் ஜெராக்ஸும் குடுங்க" என்பார்கள். தெரிந்த முகமாக இருக்கும். மறுக்கக் கூச்சப்பட்டு எடுத்துக் கொடுத்துவிடுகிறோம்.

"நம்மகிட்ட ஒளிக்க என்ன கெடக்கு? குடுத்தா என்ன?" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நம் குழு நோட்டையே எடுத்துக்கொள்வோம். யாருக்கு எவ்வளவு உள்கடன், யார் மூணு மாசமா தவணை கட்டலை என்பதெல்லாம் அதில் இருக்கிறது. கூட்டத்தில் நமக்குள் பேசுவோம், தெருவில் நின்று வாசிக்க மாட்டோம். அந்த விவரம் வெளி ஆள் கைக்குப் போனால், "உன் கடனை நான் கட்டுதேன், ஓட்டை இங்க போடு" என்று ஆசை காட்டலாம். "உதவித்தொகை பட்டியல் எங்க கையில இருக்கு, பாத்துக்கோ" என்று பயமும் காட்டலாம்.

அந்தரங்க உரிமை என்றால் என்ன?

நம்மைப் பற்றிய விவரம் யாருக்குப் போகலாம், எதற்குப் போகலாம் என்று முடிவு செய்யும் உரிமை நமக்கு இருக்கிறது. கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற புட்டசாமி, ஆதார் தொடர்பாக 2012இல் உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று 9 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள்: அந்தரங்கம் என்பது அரசியல் சட்டம் தரும் அடிப்படை உரிமை. பணக்காரருக்கும் படித்தவருக்கும் மட்டுமல்ல, கூலி வேலைக்குப் போகும் நமக்கும் அதே உரிமைதான்.

நம் பக்கத்தில் நடந்த இரண்டு வழக்குகள்

2021 புதுச்சேரி சட்டமன்றத் தேர்தலின்போது, வாக்காளர்கள் போனுக்கு பாஜக தரப்பிலிருந்து வாட்ஸ்அப் குழுவில் சேரச் சொல்லிச் செய்தி வந்ததாகவும், ஆதாரிலிருந்து நம்பர் எடுக்கப்பட்டதாகவும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். கட்சி அதை மறுத்தது. தொண்டர்கள் வீடு வீடாகப் போய் வாங்கிய நம்பர்கள் என்றது. இதை விசாரிக்கும்படி நீதிமன்றம் சொன்னது.

2025இல் திமுக "ஓரணியில் தமிழ்நாடு" என்ற பெயரில் வீடு வீடாக உறுப்பினர் சேர்த்தது. அதில் போனுக்கு வரும் ஓடிபி எண்ணைக் கேட்டு வாங்குவதை எதிர்த்து, நம் மாவட்டமும் அடங்கிய மதுரைக் கிளையில் வழக்கு வந்தது. விரும்புகிறவர்களைத்தான் சேர்க்கிறோம் என்றது கட்சி. ஆனாலும் அந்தரங்கப் பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஓடிபி வாங்குவதற்கு அந்த ஜூலையில் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது.

இரண்டு வழக்கும் இரண்டு வேறு கட்சிகள் மேல் வந்தவை. ஆகவே இது ஒரு கட்சியைக் குறை சொல்லும் விஷயம் இல்லை. யார் வந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி.

இதைப் பார்த்தா ஓட்டுப் போடணும்?

"குடிதண்ணி ஒழுங்கா வரலை, ரோடு குண்டும் குழியுமா கெடக்கு, இதுல அந்தரங்கமா முக்கியம்?" என்று ஒரு அக்கா கேட்கலாம். நியாயமான கேள்விதான். தண்ணீரையும் ரோட்டையும் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. அவற்றோடு இதையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கணும். தண்ணி வரலைன்னு துணிஞ்சு கேட்கணும்னா, நம்ம விவரத்தை வச்சு யாரும் நம்மை மிரட்ட முடியாத நிலை இருக்கணும்.

யாரிடம் என்ன கேட்பது என்பதும் தெரிய வேண்டும். தகவல் பாதுகாப்புச் சட்டம் போடுவது நாடாளுமன்றம். 2023இல் அப்படி ஒரு சட்டம் வந்தது. நம் விவரத்தை வாங்க நம் சம்மதம் வேண்டும், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், அதற்கான அறிவிப்பைத் தமிழிலும் கேட்டுப் பெறலாம் என்கிறது சட்டம். அதே சட்டம், மத்திய அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு கொடுக்கவும் வழி வைத்திருக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின; முக்கியமான பிரிவுகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம். ஆகவே தென்காசி மக்களவைத் தொகுதி வேட்பாளரிடம் இந்த விலக்கு பற்றிக் கேட்கலாம். வாசுதேவநல்லூர் சட்டமன்றத் தொகுதி வேட்பாளரிடம் மாநிலத் திட்டங்களுக்கு நாம் கொடுக்கும் விவரம் பற்றிக் கேட்கலாம். பேரூராட்சி வார்டு வேட்பாளரிடம் பயனாளிப் பட்டியல் யார் கைக்குப் போகும் என்று கேட்கலாம்.

பேச்சை மட்டும் நம்பிவிடக் கூடாது. மேடையில் அந்தரங்கம் பற்றி அழகாகப் பேசிவிட்டு, ஆள் வைத்து ஆதார் ஜெராக்ஸ் சேகரித்தால் எதை நம்புவது? ஓட்டு கேட்கும்போதே நம்ம விவரத்தை எப்படிக் கையாளுகிறார் என்று பாருங்கள். பதவிக்கு வந்த பிறகும் அப்படித்தான் இருப்பார்.

ஓட்டு ரகசியம்

"நீ யாருக்குப் போட்டேன்னு எங்களுக்குத் தெரியும்" என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம். பூத் வாரியாக மொத்த ஓட்டு எவ்வளவு என்றுதான் தெரியும். தனி ஆள் ஓட்டு தெரியாது. யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று சொல்லும்படி நீதிமன்றத்தில்கூடச் சாட்சியைக் கட்டாயப்படுத்த முடியாது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் அப்படிச் சொல்கிறது.

குழுவில் கடைப்பிடிக்க வேண்டியவை

1. உறுப்பினர் பட்டியலையும் குழு நோட்டையும் எந்தக் கட்சிக்காரருக்கும் கொடுப்பதில்லை என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். "குழுத் தீர்மானம் இருக்கு" என்று சொல்ல ஊக்குநருக்கு அது துணை.

2. ஓடிபி எண்ணைக் கேட்கிறவர்களிடம் சொல்ல வேண்டாம். ஏமாந்து பணம் போனால் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள்.

3. ஆதார் நகல் கொடுத்தே ஆக வேண்டிய இடத்தில், எதற்காக என்பதையும் தேதியையும் அதன் மேலேயே எழுதிக் கொடுங்கள். கடைசி 4 எண் மட்டும் தெரிகிற ஆதார் நகலும் உண்டு; இ-சேவை மையத்தில் கேளுங்கள்.

4. பணம், மிரட்டல் என்று வந்தால் தேர்தல் ஆணையத்தின் 1950 எண்ணில் சொல்லலாம்.

அடுத்த கூட்டத்தில் பேசுவதற்கு

நம் குழு விவரத்தை இதுவரை யார் யாருக்குக் கொடுத்திருக்கிறோம்? எதற்கென்று கேட்டோமா? இனி ஓட்டு கேட்டு வருகிறவரிடம் இந்தக் கேள்வியை முதலில் யார் கேட்பது?

ஒருத்தியாகக் கேட்கக் கூச்சமாக இருந்தால் குழுவாகச் சேர்ந்து கேட்போம். யாருக்கு ஓட்டு என்பதை மட்டும் அவரவர் மனசுக்குள் முடிவு செய்வோம்.