நெகிழும் துணியும் மெல்லிய பட்டும்

நம் சங்கங்களில் பள்ளிச் சீருடை தைத்துத் தேர்ந்த கைகள் பல உள. அக்கைகளுக்குப் பனியன் துணியோ மெல்லிய பட்டோ வரும்போது, பழகிய முறையையே கையாண்டால் தையல் விட்டுப்போகும்; ஆடை திரும்பிவரும்; உறுப்பினர் கூலியை இழக்க நேரிடும். ஆதலின் இத்துணிகளின் இயல்பை முதலில் அறிவோம்.

தறித்துணியில் பாவும் ஊடையும் குறுக்கிட்டு நிற்கின்றன. மூலைவாட்டில் இழுத்தாலன்றி அது அதிகம் நெகிழாது. திருப்பூரில் பின்னப்படும் பனியன் துணியோ, ஒரு கண்ணிக்குள் மற்றொரு கண்ணி கோக்கப்பட்டு அமைவது. எனவே இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும்.

இத்துணியில் கூரிய ஊசி பாய்ந்தால் கண்ணி அறும். அறுந்த இடத்தில் ஓட்டை படரும். முனை உருண்ட ஊசி நூலை விலக்கிக்கொண்டு இறங்கும். மெல்லிய பனியன் துணிக்கு 70 அல்லது 80ஆம் எண் ஊசி ஏற்றது. 70 என்பது ஊசியின் பருமன் 0.7 மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கும்.

நேர்த்தையல் இட்டால், துணி நீளும்போது நூல் நீளாது அறுந்துவிடும். ஆகவே சிக்சாக் தையலோ ஓவர்லாக் தையலோ இடுக. துணியைக் கையால் இழுத்துத் தைக்கலாகாது; இழுத்தால் ஓரம் அலை அலையாகிவிடும். எந்திரப் பாதத்தின் அழுத்தத்தையும் குறைத்துக்கொள்க. பருத்திப் பனியன் துணியை நனைத்து உலர்த்திய பின்னரே வெட்டுக. இன்றேல், தைத்த ஆடை முதற்சலவையிலேயே சுருங்கும்.

பட்டின் குறை வேறு. அது நெகிழாது, வழுக்கும். ஊசி பட்ட துளையும் எளிதில் மறையாது. எனவே 60 அல்லது 70ஆம் எண் கொண்ட கூரிய புதிய ஊசியே வேண்டும். குண்டூசியைத் தையலுக்கு விட்ட ஓரத்தில் மட்டும் குத்துக. அடியில் மெல்லிய தாளை வைத்துத் தைத்து, பின்னர் கிழித்தெடுத்தால் துணி நழுவாது. பட்டைப் பின்புறமாகத் திருப்பி, மிதமான சூட்டில் தேய்த்தல் நன்று.

எத்துணியாயினும், அதன் வெட்டுத்துண்டு ஒன்றில் முதலில் தைத்து, இரு கைகளாலும் இழுத்துப் பார்க்க வேண்டும். நூல் அறாமலும் துளை விழாமலும் இருந்தால் மட்டுமே ஆடையில் கை வைக்கலாம்.

கணக்கேட்டில் ஊசிச் செலவு குறைந்திருப்பதைச் சிக்கனம் எனக் கருதுவோர் உளர். முனை மழுங்கிய ஓர் ஊசி, நெசவாளர் பலநாள் உழைத்து நெய்த பட்டைச் சில நொடிகளில் கெடுத்துவிடும். ஊசியின் விலையையும் துணியின் விலையையும் அருகருகே எழுதிப் பார்த்தால், எது சிக்கனம் என்பது உறுப்பினர்க்குத் தாமே விளங்கும்.