எந்த உப்பு?

ஒடுகத்தூர் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கைமாறும் ஆடு கறிக்கடைக்குப் போனபின், உரித்த தோலை நெடுநேரம் சும்மா போட்டு வைக்க முடியாது. வேலூர் வெயிலுக்குச் சில மணி நேரத்தில் நாற ஆரம்பித்துவிடும். அதற்குள் உள்பக்கம் முழுக்க உப்பை அள்ளித் தேய்க்க வேண்டும். கொஞ்சநஞ்சமல்ல, தோலின் எடையில் பாதி வரைகூடப் பிடிக்கும். உப்பு ஈரத்தை வெளியே இழுக்க, அழுகவைக்கும் பாக்டீரியாக்கள் நீரின்றி முடங்கிப்போகின்றன. உப்பேறிய இந்தத் தோல்தான் ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி டேனரிகளுக்கு லாரி ஏறுகிறது.

இதுவரை பேசியது சமையலறை உப்பு, அதாவது சோடியம் குளோரைடு. அதே டேனரிக்குள் பச்சை நிறப் பொடி மூட்டைகளும் அடுக்கியிருக்கும். அதையும் உப்பு என்றுதான் சொல்வார்கள்: குரோம் உப்பு. அதை வாயில் வைத்துப் பார்க்க வேண்டாம். வேதியியலில் உப்புக்கும் நாக்குக்கும் சம்பந்தம் விட்டுப்போய் இரண்டரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் பாரிஸில் வேதியியல் கற்பித்த ருவெல், அமிலமும் அதை ஈடுசெய்யும் காரப்பொருளும் சேர்ந்து விளைவதே உப்பு என்று வகுத்தார். பின்னால் அயனிகளைப் பற்றித் தெரிந்ததும், நேர்மின் அயனியும் எதிர்மின் அயனியும் சேர்ந்து கட்டிய பொருள் என்றாயிற்று. இந்தக் கணக்கில் துணி சோப்பு ஓர் உப்பு, முட்டை ஓட்டில் இருப்பதும் உப்பு. டேனரியின் குரோமியம் சல்பேட்டும் அப்படித்தான் இந்தக் குடும்பத்துக்குள் வருகிறது.

ஆனால் டேனரியின் இந்த இரண்டு உப்பும் தோலுக்குள் நடந்துகொள்வதில் எவ்வளவு வித்தியாசம்! பச்சைத் தோலை 60, 65 டிகிரிச் சூடுள்ள நீரில் போட்டாலே சுருண்டுவிடும். குரோமியம் உள்ளே போய், கொலாஜன் என்ற புரதத்தின் இழைகளை ஒன்றோடொன்று தைத்துவிடுகிறது. பிறகு ஒரு துண்டை வெட்டிக் கொதிக்கும் நீரில் போட்டாலும் அது சுருங்காது. தோல் பதமாகிவிட்டதா என்று பார்க்க இன்றும் இதுதான் சோதனை. பச்சைப் பொடி போட்டும் தோல் நீலம் பூத்து வருவதால் அதற்கு 'வெட் புளூ' என்று பெயர். சமையலறை உப்போ தோலோடு எந்த உறவும் கொள்வதில்லை. டேனரியில் முதல் ஊறலிலேயே, வந்ததில் பெரும்பகுதி நீரோடு வெளியேறிவிடுகிறது. டேனரிக் கழிவுநீரால் பாலாற்றுக் கரை படும் துயரத்தில் பெரும்பங்கு இந்த ஒட்டாத உப்பினுடையது. சுத்திகரிப்புத் தொட்டியில் கொழுப்பையும் புரதத்தையும் தின்றுதீர்க்கும் நுண்ணுயிர்கள் உப்பைத் தொடுவதில்லை. அதை அழிக்கவும் முடியாது, பிரிக்க மட்டுமே முடியும்.

பிரித்தாலும் தொல்லை தீரவில்லை. தோல் கழிவுநீர் தொடர்பான வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்றது. பின்னாளில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சவ்வு வடிகட்டியும் ஆவியாக்கிகளும் வந்தன. நீர் திரும்பக் கிடைக்கிறது. அடியில் தங்குவது குளோரைடும் சல்பேட்டும் கலந்த உப்பு. பிரித்தெடுக்காத அந்தக் கலவைக்குச் சமையலிலும் இடமில்லை, தொழிலிலும் பெரிதாகக் கேட்பாரில்லை. மூட்டை மூட்டையாகச் சேருகிறது.

நீரைச் சோதிப்பவரின் உப்பு இன்னொரு மாதிரி. 'டி.டி.எஸ். எவ்வளவு?' என்று அவர் கேட்கும்போது எந்த உப்பு என்று கேட்கவில்லை. கரைந்திருப்பது மொத்தம் எவ்வளவு என்றே கேட்கிறார். அவர் கையிலுள்ள சிறு கருவி எதையும் எடைபோடுவதும் இல்லை. நீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்று அளந்து, அதிலிருந்து கணக்குச் சொல்கிறது. ஒரு டம்ளர் சுத்த நீரில் நாலு கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் கருவியை விட்டால் எண் ஏறவே ஏறாது, சர்க்கரை அயனியாகப் பிரியாததால். இந்தியத் தரப்படி குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீரே இல்லாத இடத்தில் 2000 வரை. குரோமியத்துக்கோ வரம்பு 0.05 மில்லிகிராம்தான். அந்த 500-ல் பத்தாயிரத்தில் ஒரு பங்கு! அந்த வரம்பைப் பல மடங்கு தாண்டினாலும் கருவி கண்டுகொள்ளாது. டி.டி.எஸ். குறைவு என்பதாலேயே தண்ணீர் நல்லதென்று நம்புகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

நிலத்தில் இறங்கிய உப்பை நம் உழவர்கள் ஒரே பெயரில் அழைக்கவில்லை. உவர் வேறு, களர் வேறு. உவர் நிலத்தில் நல்ல நீரைத் தேக்கி வடித்தால் உப்பு இறங்கும். களரில் சோடியம் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு நீரையே இறங்க விடாது. அதற்கு ஜிப்சம் போட வேண்டும். ஜிப்சமும் வேதியியல்படி ஓர் உப்பு!

உடம்புக்குள்ளும் உப்பு என்ற பெயர் குழப்புகிறது. சிறுநீரக நோயாளிகளின் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு, 'ரத்தத்துல உப்பு ஏறிடுச்சு' என்பது. ஏறியிருப்பது கிரியாட்டினின். தசையில் உண்டாகும் கழிவு அது. ருவெல் கணக்கிலும் உப்பல்ல, சாம்பார் கணக்கிலும் உப்பல்ல. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்வதும் இந்த 'உப்பை' இறக்க அல்ல, ரத்த அழுத்தத்துக்காகவும் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளாமல் இருக்கவும். அவர் சொல்லும் உப்பு முக்கியமாக சோடியம். நாளைக்கு 2 கிராம் சோடியத்துக்குள் என்றால், சமையல் உப்பாக அது 5 கிராம்.

இதைக் கேட்டுவிட்டுக் கடையில் 'சோடியம் குறைந்த உப்பு' வாங்குகிறார்கள். அதில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கும். நல்ல சிறுநீரகம் கூடுதல் பொட்டாசியத்தை வெளியேற்றிவிடும், பலருக்கு ரத்த அழுத்தமும் குறையும். பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. பொட்டாசியம் ரத்தத்தில் தங்கி, இதயத் துடிப்பின் ஒழுங்கையே குலைத்துவிடும்.