குளிக்கிற சோப்பை போட்டு ஷேவ் பண்றீங்களா? முகம் எரியறதுக்கு பிளேடு மட்டும் காரணம் இல்ல!

காலை ஷிஃப்ட்டுக்கு பஸ் பிடிக்கிற அவசரம். கையில் கிடைத்த குளியல் சோப்பை கன்னத்தில் தேய்த்து, நாலு இழுப்பு இழுத்துவிட்டு கிளம்புபவர்கள் ஏராளம். கொஞ்ச நேரத்தில் வியர்வை பட்டதும் கழுத்து எரிய ஆரம்பிக்கும். உடனே பழி பிளேடு மேல். ஆனால் பல நேரங்களில் உண்மையான காரணம் பிளேடு இல்லை, நுரைதான்.

நெய்வேலி மாதிரி ஊரில் இது வெறும் அழகு சமாச்சாரம் இல்லை. பழுப்பு நிலக்கரி சுரங்கம், அனல்மின் நிலையம், கன்வேயர் பெல்ட் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு தூசியோடுதான் பொழுது. முகத்தோடு ஒட்டி உட்காரும் தூசித் தடுப்பு மாஸ்க் சரியாக வேலை செய்ய, அதன் விளிம்பு படும் இடத்தில் முடி இருக்கக்கூடாது. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா இதை விதியாகவே வைத்திருக்கிறது. முள்ளு முள்ளாக வளர்ந்த தாடியே போதும், இடைவெளி வழியாக தூசி உள்ளே போய்விடும். சுரங்கத்துக்கு காவல் நிற்கும் மத்திய தொழில் பாதுகாப்புப் படையினருக்கும் அடிக்கடி ஷேவிங் தவிர்க்க முடியாதது. இப்படி தினமும் பிளேடு படும் முகத்துக்கு தோல் ஆற நேரமே கிடைப்பதில்லை.

நுரை என்னதான் செய்கிறது?

காய்ந்த தாடி முடி கம்பி மாதிரி இருக்கும். தண்ணீரை உறிஞ்சினால் ஊறி மெத்தென்று ஆகிவிடும், பிளேடு சுலபமாக வெட்டும். இதற்கு 2, 3 நிமிடம் ஈரம் தேவை. அந்த ஈரத்தை முடியிலேயே பிடித்து வைப்பதும், பிளேடு வழுக்கிப் போக வழி செய்வதும்தான் நுரையின் வேலை.

குளியல் சோப்பிலும் நுரை வருமே என்று கேட்கலாம். வரும், ஆனால் நிற்காது. அது பெரும்பாலும் சோடியம் உப்பில் செய்யப்படுவது, அழுக்கை எடுப்பதுதான் அதன் நோக்கம். பெரிய பெரிய குமிழாக வந்து, பாதி கன்னம் முடிவதற்குள் காய்ந்துவிடும். ஷேவிங் சோப்பில் ஸ்டியரிக் அமிலமும் பொட்டாசியமும் சேர்வதால் குமிழ் சின்னதாக, அடர்த்தியாக வரும், சீக்கிரம் உடையாது. கிரீமும் கிட்டத்தட்ட இதே சரக்குதான். அதில் தண்ணீரும் கிளிசரினும் கூடுதல்.

சோப்பா, கிரீமா?

அவசரக்காரர்களுக்கு கிரீம். சீக்கிரம் நுரை வரும், தவறு நடக்க வாய்ப்பு குறைவு. அந்தக் காலத்து கோத்ரெஜ் ரவுண்டு மாதிரியான வட்ட சோப்பு ரொம்ப நாள் உழைக்கும், ஆனால் நுரை எழுப்ப கொஞ்சம் பொறுமை வேண்டும். டப்பாவில் அமுக்கினால் வரும் ஃபோமில் பெரும்பகுதி காற்றுதான், வாங்கும் காசுக்கு அது கட்டுப்படியாகாது. எதை வாங்கினாலும் அட்டையில் உள்ள சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். ஸ்டியரிக் அமிலம், கிளிசரின் இரண்டும் முன்வரிசையில் இருந்தால் நல்லது. மெந்தால் போட்டது ஜிலுஜிலு என்று இருக்கும். அந்தக் குளிர்ச்சி தோலைக் காப்பாற்றாது, சிலருக்கு எரிச்சலையே கூட்டும்.

உப்புத் தண்ணியா? நுரை அவ்வளவுதான்!

நிறைய பேர் கவனிக்காத விஷயம் இது. கால்சியம், மெக்னீசியம் அதிகமுள்ள தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் வெள்ளைப் படிவாக மாறிவிடும். நெய்வேலியில் நிலக்கரிக்குக் கீழே பெரும் அழுத்தத்தில் இருக்கும் நிலத்தடி நீரை பம்ப் போட்டு வெளியேற்றிக்கொண்டே இருந்தால்தான் சுரங்கமே ஓடும், அவ்வளவு தண்ணீர் உள்ள ஊர். அதற்காக எல்லா வீட்டுத் தண்ணீரும் ஒன்று என்று அர்த்தமில்லை. போர் தண்ணீர் தெருவுக்குத் தெரு மாறும்.

பரிசோதனை ரொம்ப சிம்பிள். பாட்டிலில் பாதி தண்ணீர் எடுத்து, துளி சோப்பு சீவிப் போட்டு குலுக்குங்கள். நுரை நிற்காமல் தண்ணீர் பால் போல கலங்கினால் அது உப்புத் தண்ணி. அப்படியென்றால் ஷேவிங்குக்கு மட்டும் அரை டம்ளர் குடிதண்ணீர் எடுத்துக்கொண்டால் போதும். ஆர்.ஓ. மெஷினில் இருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீர் கூடவே கூடாது, உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும்.

நுரை எழுப்புவது எப்படி?

குளித்து முடித்ததும் ஷேவ் பண்ணுவது உத்தமம். முடியாவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரால் முகத்தை நன்றாக நனைத்துக்கொள்ளுங்கள். பிரஷை ஊறவைத்து உதறுங்கள். கிரீம் என்றால் ஒரு கொண்டைக்கடலை அளவு, சோப்பு என்றால் அதன் மேல் அரை நிமிடம் பிரஷை சுழற்ற வேண்டும். பிறகு முகத்தில் வட்டமாக தேய்த்துக்கொண்டே, பிரஷ் நுனியால் இரண்டு மூன்று சொட்டாக தண்ணீர் சேர்க்க வேண்டும்.

பலரும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். வெள்ளையாக வந்தவுடன் நிறுத்திவிடுகிறார்கள். அது பேஸ்ட் பதம், பிளேடு இழுக்கும். புளித்துப் பொங்கின இட்லி மாவு மாதிரி பளபளப்பாக வர வேண்டும். விரலால் தொட்டுத் தேய்த்தால் வழுக்க வேண்டும். துணி துவைக்கிற நுரை மாதிரி பெரிய குமிழ் வந்து வழிந்தால் தண்ணீர் கூடிப்போச்சு, இன்னும் கொஞ்சம் கிரீம் எடுத்து சரிசெய்யலாம். பதம் வந்தபின் ஒரு நிமிடம் அப்படியே விட்டு, முடி வளரும் திசையிலேயே மழியுங்கள். இரண்டாவது தடவை இழுக்க வேண்டுமா? மறுபடி நுரை போட்டுத்தான்.

முடிந்ததும் பிரஷை அலசி, உதறி, காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். சலூனுக்குப் போகிறவர்கள் பிளேடு புதுசா என்று பார்ப்பதோடு நிறுத்திவிடக்கூடாது. எல்லோர் முகத்திலும் தேய்க்கும் படிகாரக் கல்லிலும் ரத்தம் படலாம். ஹெபடைடிஸ் பி மாதிரியான கிருமிகள் ரத்தம் வழியாகப் பரவுபவை. ஆகவே சொந்தமாக ஒரு கல் கொண்டுபோவதில் தப்பே இல்லை.

நுரை எல்லாம் சரியாக இருந்தும் சீழ்க் கொப்புளங்கள் தொடர்ந்து வந்தால் கிரீமை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள், தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். சில நாள் ஷேவ் பண்ண வேண்டாம் என்று அவர் சொல்லலாம். மாஸ்க் கட்டாயமான இடத்தில் டியூட்டி என்றால், அதை முன்கூட்டியே பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்லி அந்த நாட்களுக்கு வேறு ஏற்பாடு கேட்டுக்கொள்ளுங்கள்.