பார்ட்ஸ் மாட்டியாயிற்று, இனிதான் வேலை

கோயம்புத்தூர்ப் பக்கம் பழைய மாருதி எஸ்டீமுக்கு இன்னும் மவுசு குறையவில்லை. 1298 சிசி, நாலு சிலிண்டர். எல்.ஜி.பி. ஃபார்முலா 4 பந்தயக் கார்களிலும் இந்த எஞ்சின்தான் ஓடுகிறது. அதனால் பார்ட்ஸும் கிடைக்கும், கைபழகிய மெக்கானிக்கும் கிடைப்பார். செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டவென்றே ஒரு எஸ்டீமை ஒதுக்கி, அதில் ஃப்ரீ ஃப்ளோ எக்ஸாஸ்ட், திறந்த ஏர் ஃபில்டர், வால்வைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும் கேம்ஷாஃப்ட், லேப்டாப்பில் மாற்றியமைக்கக்கூடிய ஈசியு எல்லாம் மாட்டியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு செய்ய வேண்டியதைத்தான் இங்கே சொல்கிறேன். ரோட்டில் ஓடும் வண்டியில் இதைச் செய்ய வேண்டாம். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது.

பார்ட்ஸ் மாட்டியதும் வண்டி பறக்கும் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். எஞ்சினுக்குள் போகும் காற்றின் அளவு மாறிவிட்டது. அதற்கேற்றபடி பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் மாற்றாவிட்டால் பழைய பவர்கூட மிஞ்சாது, பிஸ்டனும் போய்விடும்.

லேப்டாப்பைத் திறக்கும் முன் எஞ்சின் உடம்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பாருங்கள். புதிய கேம் இன்டேக் வால்வைத் தாமதமாக மூடுவதால் எண் கொஞ்சம் இறங்கித்தான் காட்டும்; அதற்குப் பயப்பட வேண்டாம். ஒரு சிலிண்டருக்கும் இன்னொன்றுக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஃப்யூல் பிரஷர், வேக்குவம் ஹோஸ், பிளக் கேப் எல்லாம் பார்த்த பிறகு, எக்ஸாஸ்ட் கேஸ்கட்டை மட்டும் இரண்டு முறை பாருங்கள். காரணம் இருக்கிறது. ஒருமுறை நானும் நண்பரும் ராத்திரி முழுக்க ஒரு வண்டியோடு மல்லுக்கட்டினோம். மீட்டர் ‘லீன், லீன்’ (பெட்ரோல் குறைவு) என்றே காட்டியது. நாங்களும் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போனோம். விடியற்காலையில் பிளக்கைக் கழற்றினால் நாலும் கரிக்கட்டை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கட்டில் நூல் அளவுக்கு ஒரு விரிசல். அது வழியாக வெளிக்காற்று உள்ளே போய் எக்ஸாஸ்டில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரை ஏமாற்றியிருக்கிறது.

அந்த சென்சார்தான் இந்த வேலைக்குக் கண். கம்பெனி மாட்டிய சாதாரண ஆக்சிஜன் சென்சாருக்கு ரிச்சா லீனா என்று மட்டும்தான் தெரியும். எவ்வளவு என்று தெரியாது. வைட்பேண்ட் சென்சார் வேண்டும். நாலு குழாயும் ஒன்றாகச் சேரும் இடத்துக்குப் பின்னால், சற்றே மேல்நோக்கிச் சாய்த்து மாட்டுங்கள். படுக்கையாக இருந்தால் குழாயில் தேங்கும் தண்ணீர் பட்டு உள்ளே வெடித்துவிடும். மீட்டரை லாம்டா கணக்கில் வையுங்கள். 14.7-க்கு 1 என்று நாம் மனப்பாடம் செய்த விகிதம் சுத்தப் பெட்ரோலுக்கானது. இப்போது பங்கில் கிடைக்கும் இ20 பெட்ரோலுக்கு அது 13.5 வாக்கில்தான் வரும். லாம்டா 1 என்றால் எந்த எரிபொருளானாலும் காற்றும் எரிபொருளும் சரிக்குச் சரி.

அடுத்தது டைமிங் லைட். இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம், எனக்கு இதுதான் முக்கியம். ஈசியுவில் ஸ்பார்க்கை 10 டிகிரியில் பூட்டிவிட்டு எஞ்சினை ஓட விடுங்கள். கிராங்க் புல்லியில் இருக்கும் வெட்டுக்குறியில் முன்கூட்டியே வெள்ளை நெயில் பாலிஷ் ஒரு கோடு தடவி வையுங்கள்; அந்தப் புகையிலும் எண்ணெயிலும் வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. லைட்டை அடித்தால் சுழலும் புல்லி அப்படியே நின்றதுபோல் தெரியும், வெள்ளைக் கோடு 10-க்கு நேராக நிற்க வேண்டும். 4-இல் நின்றால் லேப்டாப் சொல்வது பொய் என்று அர்த்தம், ஆஃப்செட்டைத் திருத்துங்கள். பிறகு 3000 ஆர்பிஎம்முக்கு ஏற்றிப் பாருங்கள். கோடு நகர்ந்தால் கிராங்க் சென்சார் செட்டிங் தப்பு. இது சரியாகும் வரை ஈசியுவில் வேறு எதையும் தொடாதீர்கள்.

இனி பெட்ரோல். ஈசியுவுக்குள் ஒரு அட்டவணை இருக்கும்: ஒரு பக்கம் ஆர்பிஎம், இன்னொரு பக்கம் மேனிஃபோல்டின் அழுத்தம். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த நிலையில் சிலிண்டர் எவ்வளவு காற்றை இழுக்கிறது என்று ஓர் எண். ஸ்பார்க்கைக் குறைவாகவே வைத்துக்கொண்டு, ஆக்சிலேட்டரை மெதுவாகக் கொடுத்து ஒவ்வொரு கட்டமாக நிறுத்திப் பாருங்கள். கணக்கு எளிது. மீட்டர் காட்டும் லாம்டாவை நமக்கு வேண்டிய லாம்டாவால் வகுத்து, கட்டத்தில் உள்ள எண்ணோடு பெருக்க வேண்டும். 0.95 காட்டுகிறது, நமக்கு 0.88 வேண்டும் என்றால் 8 சதவீதம் கூட்ட வேண்டும். 80 இருந்தால் 86.4. சும்மா ஒரே வேகத்தில் போகையில் லாம்டா 1 போதும். முழு ஆக்சிலேட்டரில் 0.87, 0.88 வாக்கில் வையுங்கள்.

ஐடிலிங்கில் மட்டும் மீட்டரை நம்ப வேண்டாம். இந்த கேமில் இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் சற்று நேரம் சேர்ந்தே திறந்திருக்கும். கொஞ்சம் காற்று எரியாமலே குழாய்க்குள் நழுவிவிடும். மிஸ்ஸிங் இருந்தாலும் அப்படித்தான்: எரியாத ஆக்சிஜனைப் பார்த்து சென்சார் லீன் என்று சொல்லும், நாம் பெட்ரோலைக் கூட்டுவோம், மிஸ்ஸிங் இன்னும் அதிகமாகும். ஆர்பிஎம்மை 950, 1000-க்கு ஏற்றி, பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் பார்த்து, எஞ்சின் எங்கே சீராக மூச்சு விடுகிறதோ அங்கே நிறுத்துங்கள். இங்கே தீர்ப்பு காதுடையதுதான்.

பெட்ரோல் முடிந்த பிறகே ஸ்பார்க். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எதனால் என்ன ஆனது என்று தெரியாது. இதற்கு டைனோ வேண்டும். முழு ஆக்சிலேட்டரில் இருபது டிகிரியில் தொடங்கி இரண்டிரண்டாக ஏற்றுங்கள். டார்க் ஏறும், பிறகு ஏற்றம் சிறுத்துக்கொண்டே வரும். இரண்டு டிகிரி கொடுத்தும் ஒன்றும் கூடாத இடம் வந்தால், அந்த இரண்டைத் திரும்ப எடுத்துவிட்டு நிறுத்துங்கள். அந்த இடம் வருவதற்கு முன்பே நாக்கிங் வந்துவிடவும் கூடும். அதைப் பிடிக்கப் பட்டறையில் ஒரு கைவேலை உண்டு: செம்புக் குழாய்த் துண்டின் ஒரு முனையை நசுக்கி, ஓட்டை போட்டு, எஞ்சின் பிளாக்கின் போல்ட்டில் மாட்டி, மறுமுனையில் ரப்பர் ஹோஸைச் செருகி அதை ஹெட்போன் மூடிக்குள் கொண்டுவருவது. எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே, பக்கத்து வீட்டில் கடுகு தாளிப்பதுபோல் ஒரு சடசடப்பு கேட்டால் உடனே காலை எடுங்கள். மூன்று டிகிரி குறைத்து மறுபடி ஓட்டுங்கள். இரண்டு குதிரைசக்திக்காக அந்தக் கடுகைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் வாடிக்கையாளருக்கு நான் முடியாது என்று சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்வேன்.

காலை ஏழு மணிக்கு நாக்கிங் இல்லாத வண்டி மதியம் இரண்டு மணிக்கு அடிக்கும். வெயிலில் நின்ற வண்டியின் இன்டேக்கில் காற்று 60 டிகிரியைத் தொடும். அதனால் இன்டேக் காற்று 40 டிகிரியைத் தாண்டினால் ஸ்பார்க் தானாகவே படிப்படியாக இறங்கும்படி ஈசியுவில் எழுதிவிட்டு, மதியமும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஆக்சிலேட்டரைச் சட்டென்று மிதிக்கையில் வரும் தயக்கத்துக்கு என்று தனி அட்டவணை உண்டு. அதை வண்டியை ஓட்டித்தான் சரிசெய்ய முடியும். ஓட்டுபவர் ஒருவர், லேப்டாப் பார்ப்பவர் இன்னொருவர்.

கடைசியாக நிற்பது கோல்டு ஸ்டார்ட். எஞ்சின் ஒரு தடவை சூடாகிவிட்டால் மறுபடி முழுக்க ஆற ஒரு ராத்திரி வேண்டும். அதனால் ஒரு நாளைக்கு ஒரே ஒரு வாய்ப்பு: சாவியைத் திருப்புங்கள், எத்தனை சுற்றில் பிடிக்கிறது, பிடித்த பிறகு தள்ளாடுகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள், கோல்டு ஸ்டார்ட் அட்டவணையில் எண்ணைத் திருத்தி, ஃபைலைத் தேதி போட்டுச் சேமித்துவிட்டு மறுநாள் வாருங்கள். நாலைந்து காலை இதற்குப் போய்விடும். சித்திரையில் டியூன் செய்த வண்டி என்றால் மார்கழியில் ஒருநாள் விடியலில் திரும்ப வரச் சொல்லுங்கள். 15, 20 டிகிரி குளிருக்கான கட்டங்களை அன்றைக்குத்தான் நிரப்ப முடியும்.